விட்டுப்போன பன்னிரண்டு கட்டங்கள்

தாமதத்துக்குக் காரணம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அதுதான் என் பிழைப்பு. ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் பதினேழு வருடமாக சைட் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிறேன். வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் நான் ஆபீஸக்கா. சொன்ன தேதிக்கு எந்தக் கட்டடமும் முடிந்து நான் பார்த்ததில்லை. முடியாததற்கு ஒரு காரணத்தை மேலிடத்துக்குக் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும். மழை, மணல், மேஸ்திரியின் மச்சினன் கல்யாணம் என்று எதைக் கொடுத்தாலும், படிக்கிறவர் கண் கலங்கி இன்னும் ஒரு மாதம் தவணை கொடுக்கிற மாதிரி எழுதிவிடுவேன்.

தொற்று வந்த வருடம் எங்கள் கையில் ஒரு ஆஸ்பத்திரி வேலை இருந்தது. பழைய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வண்டி நிறுத்திக்கொண்டிருந்த இடத்தில் மூன்று மாடிப் புதுக் கட்டடம். கீழ்த்தளச் சுவர் எழும்பி, முதல் மாடிக்குக் கான்கிரீட் தளம் போட்ட மூன்றாம் நாள் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அதற்கப்புறம் நடந்த கூத்தையெல்லாம் நான் கடிதமாக எழுதியிருக்கிறேன். தளத்துக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூட்டையைக் கட்டினார்கள். சிமென்ட் லாரி சோதனைச் சாவடியில் ஒன்பது நாள் நின்று, மூட்டையெல்லாம் கல்லாய்க் கட்டிப்போய் வந்து சேர்ந்தது. ஜன்னல் கண்ணாடி செய்கிற இடத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். வேலைக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள், சீட்டு கொடுக்கிறவருக்கே காய்ச்சல். பாதி ஆள்தான் வேலை பார்க்கலாம் என்று ஒரு உத்தரவு வந்தது. அந்தப் பாதியில் ஒருவருக்குத் தொற்று என்றால் மற்ற எல்லாரும் பதினான்கு நாள் அடைந்து கிடக்க வேண்டும் என்று பின்னாலேயே இன்னொரு உத்தரவு. எலக்ட்ரீஷியன் வந்தால் ஒயர் வராது, ஒயர் வந்தால் எலக்ட்ரீஷியன் படுத்துவிடுவார். மொத்தம் நாற்பத்தொரு கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் செய்யாத வேலையைச் சுட்டிக்காட்டியிருப்பேன். அந்த யாரோ ஒருவர் நானாக இருக்கலாம் என்று கனவிலும் நினைத்ததில்லை.

ஆனால் இது என் கதை இல்லை. தண்ணியண்ணனின் கதை.

பேரைக் கேட்டுவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைக்க வேண்டாம், அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனிதர். கட்டடத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் அவருடைய வேலை. கான்கிரீட் போட்டவுடன் கட்டடம் நின்றுவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்ளுக்குள் இறுகி வலு பிடிக்கப் பல நாள் ஆகும், அந்த நாளெல்லாம் அது காயக் கூடாது. தளத்தின் மேல் வயலில் கட்டுவது மாதிரி சின்னச் சின்ன வரப்பு கட்டி, பாத்தி பிரித்து, தண்ணீரைத் தேக்கி நிறுத்த வேண்டும். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் பார்த்து நிரப்ப வேண்டும். தூணுக்குச் சாக்கு சுற்றி நனைக்க வேண்டும். கான்கிரீட் போடுகிற அன்றைக்கு ஊரே வந்து நிற்கும். ஊற்றுகிற பதினான்கு நாளும் அவர் ஒருத்தர்தான் நிற்பார்.

முன்னே அவர் சாரத்தில் ஏறி வேலை செய்தவர். ஒருமுறை விழுந்து இடுப்பு பிசகியதில் இனிமேல் பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது கையில் கொடுத்த தண்ணீர்க் குழாயை இருபத்திரண்டு வருடமாகக் கீழே வைக்கவில்லை. காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தளத்தில் நடப்பார். எந்த மூலை சூடாக இருக்கிறது, எங்கே தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது என்று உள்ளங்காலில் கண்டுபிடிப்பார். மேஸ்திரிகள் அவரை ஓட்டுவார்கள், தண்ணி காட்டுகிறதுக்கெல்லாம் ஒரு ஆள் சம்பளமா என்று. அவர் பாட்டுக்கு அவர்கள் கட்டிய சுவரைச் சாக்கால் மூடிக்கொண்டிருப்பார். அவர் மனைவி மட்டும் விடமாட்டார். மதியம் சாப்பாட்டு டப்பாவோடு சைட்டுக்கு வருகிற அந்த அம்மாள், நாங்கள் எல்லாரும் கேட்கிற மாதிரி, வீட்டுத் தொட்டியில் ஒரு குடம் நிரப்பச் சொன்னால் இந்த மனிதருக்குக் கை வலிக்கிறதாம் என்பார். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். பிள்ளைகள் இல்லை, இரண்டே பேர்தான்.

ஊற்றியதற்கு ஒரு நோட்டு உண்டு. ஒரு நாளைக்கு மூன்று கட்டம், ஒவ்வொரு வேளையும் ஊற்றியபின் கட்டத்தில் கையெழுத்து. இந்த மாதிரி நோட்டுகளை எங்கள் தொழிலில் எப்படி நிரப்புவோம் என்பதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே ஒரே மூச்சில் வாரம் முழுவதற்கும் போட்டுவிடுவோம். எல்லா சைட்டிலும் அப்படித்தான். அவர் மட்டும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மூன்று வேளையும் ஆபீஸ் படியேறி வந்து போடுவார். வேலை மெனக்கெட்டு எதற்கு இத்தனை தடவை ஏறி இறங்குகிறீர்கள் என்று நானே கேட்டிருக்கிறேன். எத்தனை தடவை ஊத்தறேனோ அத்தனை தடவைதானேம்மா போடணும் என்பார்.

ஊரடங்கு அறிவித்த அன்று சைட்டே காலியானது. தளம் போட்டு மூன்றே நாள். இன்ஜினியர் அவரைக் கூப்பிட்டு, நீங்கள் ஒருத்தர் மட்டும் சைட் ஷெட்டிலேயே தங்கிக்கொள்ள முடியுமா, இன்னும் பதினோரு நாள் ஊற்றிவிட்டால் போதும் என்று கேட்டார். தண்ணியண்ணன் மனைவியிடம் போனில் சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டார். அரிசி, பருப்பு, ஒரு ஸ்டவ், நோட்டு, பேனா எல்லாவற்றையும் நான்தான் ஷெட்டில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப்பின் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. போகவும் முடியாது, தெருமுனையிலேயே கம்பு கட்டி மறித்திருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. அவ போயிட்டாம்மா என்றார், அவ்வளவுதான். காய்ச்சலாம், மூச்சு வாங்கியதாம். அந்த டப்பாவும் அந்தக் குரலும் கண் முன்னால் வந்து நின்றன. ஆறுதலாக என்னவெல்லாமோ சொன்னேன். ஆனால் எங்கே இருந்தீர்கள், கடைசியில் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. அந்த நாட்களில் செத்தவர்களைப் பெற்ற பிள்ளைக்கே காட்டவில்லை. அதனால் அவரையும் விட்டிருக்க மாட்டார்கள், ஷெட்டில் உட்கார்ந்தபடியே சேதி கேட்டிருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அறுபத்தெட்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரி வேலை என்பதால் எங்களுக்கு முதலில் அனுமதி கொடுத்தார்கள். அதற்குள் திட்டமே மாறியிருந்தது. மூன்று மாடி இப்போது வேண்டாம், முதல் மாடியோடு நிறுத்தி மேலே தகரக் கூரை போடுங்கள், அந்தத் தளத்தில் நாற்பது கட்டில் போட்டு உடனே திறக்க வேண்டும் என்றார்கள். சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய ஆஸ்பத்திரியில் உள்ளே இடமில்லாமல் வராந்தாவிலும், அதன் படியிலும், வெளியே மரத்தடியிலும் ஆட்கள் கிடந்தார்கள். எங்கள் சுவருக்கும் அந்த வராந்தாவுக்கும் இடையில் பத்தடிச் சந்துதான். சட்டி தூக்குகிறவர்கள் நடந்தால் இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் சைட்டுக்குத் திரும்பி வந்த முதல் நாளே தண்ணியண்ணன் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஆள் பாதியாகியிருந்தார். தலை பூராவும் நரைத்திருந்தது. “பாத்துடுங்கம்மா” என்றார். சரிண்ணே என்று சொல்லி மேஜை டிராயரில் போட்டேன். அன்றைக்கு மட்டும் எனக்கு ஆறு கடிதம் எழுதவேண்டியிருந்தது. அவர் ஒரு நிமிடம் நின்றார். மனைவியை நினைத்துத்தான் நிற்கிறார் என்று எண்ணி, போய் உட்காருங்கண்ணே, டீ சொல்றேன் என்றேன். அவர் போய்விட்டார்.

மூன்று மாதத்தில் சுவர் கட்டி, கூரை போட்டு, பூசி, தரைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்தோம். இருக்கிற பாதி ஆளை வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு வேலை. இன்ஜினியர் இளைத்துத் துரும்பாகிவிட்டார். மறுநாளே திறக்கலாம் என்ற நிலையில், கட்டடத்தை ஒப்படைப்பதற்கான ஃபைலைச் சேர்க்க ஆரம்பித்தேன். தளம் என்றைக்குப் போட்டது, எத்தனை மூட்டை, எத்தனை நாள் தண்ணீர் ஊற்றியது, எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் இன்ஜினியர் அடியில் கையெழுத்துப் போடுவார், அது போனால்தான் கட்டில் உள்ளே வரும். நோட்டை டிராயரிலிருந்து எடுத்துப் பிரித்தேன். ஆறாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரைக்கும் பன்னிரண்டு கட்டமும் வெறுமையாக இருந்தன.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருடம் ஒழுங்காகப் போட்டுவிட்டு இப்போது போய் மறந்திருக்கிறாரே என்று. நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அவர் மதில் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பன்னிரண்டு கட்டம் விட்டுப்போச்சு. சட்டுனு போட்டுடுங்க, ஃபைல் போகணும்.”

குழாயை மூடிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். நோட்டைப் பார்த்தார். பேனாவைத் திருப்பி என்னிடமே கொடுத்தார்.

“விட்டுப்போகலம்மா. நான் ஊத்தல.”

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். நாலு நாள் தளம் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து பார்த்தபோது பாத்தியெல்லாம் வற்றி, மேலே நூல் நூலாக வெடிப்பு ஓடியிருந்தது. அதற்கப்புறம் பதினான்குக்குப் பதில் இருபத்தைந்து நாள் வரை ஊற்றினாராம். வெடிப்பு மேலோடு நின்றதா, உள்ளே போயிருக்கிறதா, அது தனக்குத் தெரியாது என்றார்.

நான் அவரைத் திட்டினேன். நிஜமாகவே திட்டினேன். அந்த வெடிப்பின் மேல் பூச்சு பூசி, தரையும் ஒட்டியாகிவிட்டது, இனி யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்றேன். நாலு நாள் ஊற்றாததால் எந்தக் கட்டடமும் விழுந்ததில்லை என்றேன், ஏதோ எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி. கடைசியில் அவரைச் சந்துப் பக்கம் திருப்பிக் கையை நீட்டினேன்.

“அங்க பாருங்க. தரையில கெடக்குறாங்க. நாப்பது கட்டிலுண்ணே. உங்க ஒரு கையெழுத்துக்காக நிக்கணுமா?”

அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. “தெரியும்மா. அந்த நாலு நாளும் நான் அங்கதான் இருந்தேன், அவகூட.”

அதற்கப்புறம்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்திருக்கிறார், உன் மனைவிக்கு மூச்சு விட முடியவில்லை, வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம் என்று. வந்து சேர்ந்தது இந்த ஆஸ்பத்திரிக்குத்தான். அவர் சந்துச் சுவரைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறார், அந்த இடுப்போடு. உள்ளே கட்டில் இல்லை. வராந்தாவில் இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் அட்டை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். நாலு நாள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்து கேட்ட டாக்டரம்மா, உள்ளே யாராவது எழுந்தால் உடனே எடுத்துக்கொள்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாராம். பாவம், அந்த டாக்டர் பொண்ணு என்ன செய்யும் என்றார் தண்ணியண்ணன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் தளம் தெரியும். அவருடைய மனைவி ஒருமுறை கண்ணைத் திறந்து, தண்ணி ஊத்தலியா என்று கேட்டாராம். ஊத்திட்டேன், நீ பேசாம படு என்று சொன்னாராம். அந்த ஒரு பொய்தான் சொன்னேன் என்றார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அந்த அம்மாள் போய்விட்டார். துணியில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவரை ஏறவிடவில்லை. வண்டி போனதும் திரும்பவும் சுவரேறிக் குதித்து வந்து, நேராகத் தளத்துக்குப் போய்க் குழாயைத் திறந்திருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலக் கட்டத்திலாவது போட்டிருக்கலாமே என்று நான் கேட்டேன், பைத்தியக்காரத்தனமாக. அதற்குள் இருட்டிவிட்டது, அது அடுத்த நாள் கணக்கு என்றார்.

“அந்தத் தளத்து மேல நாப்பது பேரு படுக்கப்போறாங்க. கீழயும் ஆளு இருப்பாங்க. தாங்கும்னா தாங்கும். எனக்குத் தெரியலையேம்மா. தெரியாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

இதை ஏண்ணே அன்னைக்கே சொல்லல என்று கேட்டேன்.

“நோட்டைக் குடுத்தேனேம்மா. வெறுமனே விட்டுத்தான் குடுத்தேன். என்னால வாயால சொல்ல முடியல, பாத்துட்டு நீங்களே கேப்பீங்கன்னு இருந்தேன். கேக்கல. சரி, இன்ஜினியர்கிட்ட சொல்லி அவங்க ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்கபோலன்னு நெனச்சேன்.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த நோட்டு என் டிராயரில் தொண்ணூற்றேழு நாள் கிடந்திருக்கிறது. வந்த அன்றே ஒரு பக்கம் புரட்டியிருந்தால், சுவர் எழும்புகிற நேரத்திலேயே தளத்தைச் சோதித்து முடித்திருக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போயிருக்காது.

இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகக்கவசத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. “அவர் கட்டத்தை நிரப்பியிருந்தா நானும் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருப்பேன். இப்ப முடியாது” என்றார். பிறகு கேட்டார், இந்த நோட்டு எப்போது உங்கள் கைக்கு வந்தது என்று. இப்பத்தான் சார் கண்ணில் பட்டது என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்டது அதை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

தளத்தைச் சோதிக்க, அதில் நாலு இடத்தில் துளைபோட்டு, கை கனத்துக்கு உருளை உருளையாகக் கான்கிரீட்டை வெட்டி எடுத்து, ஆய்வகத்தில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். சாதாரண நாளாக இருந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். துளை போடுகிறவர் வீட்டில் இருவருக்குத் தொற்று, அவர் வர ஒன்பது நாள் ஆயிற்று. எடுத்த உருளைகளைக் கொண்டுபோனால் ஆய்வகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார், வரிசையில் வைத்துவிட்டுப் போங்கள் என்றார். ஒட்டிய தரையைப் பெயர்த்தோம், மறுபடி ஒட்டினோம். ஆக மொத்தம் இருபத்து மூன்று நாள். அந்த இருபத்து மூன்று நாளும் காலையில் வந்ததும் தண்ணியண்ணன் ஆபீஸ் வாசலில் நின்று, முடிவு வந்துச்சாம்மா என்று கேட்பார். இல்லண்ணே என்பேன். சந்துக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிற சத்தமும் போகிற சத்தமும் கேட்கும். வருகிற வண்டி எது, துணி சுற்றிய ஆளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி எது என்று சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முடிவு வந்தது. நாலு உருளையும் தேறிவிட்டன, வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடவே. வெடிப்பு மேல்தோலோடு நின்றிருக்கிறது. ஒப்பந்தக்காரர் போனில் சிரித்தார். நாலு நாள் ஊத்தாமலே இப்படின்னா இனிமே தண்ணி ஊத்த ஆளே வேண்டாம்போல என்றார். எனக்கு அந்தப் போனை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போல் இருந்தது.

தண்ணியண்ணனிடம் போய்ச் சொன்னேன், தளம் நல்லாருக்குண்ணே, நாப்பது இல்லை, எண்பது கட்டில் போட்டாலும் தாங்குமாம் என்று. முதலில் அவர் முகம் மலர்ந்தது. அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மலர்ச்சி வடிந்துபோனது.

“அப்ப அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருக்கலாம்” என்றார். “முப்பத்தியோரு பேரும்மா. இந்த இருபத்து மூணு நாள்ல. அந்த வராந்தாவுல இருந்து மட்டும்.”

நீங்க செஞ்சதுதான் சரி, யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது என்றேன். இன்ஜினியரும் வந்து அதையே சொன்னார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவருக்குத் தேவைப்பட்ட வார்த்தை அது இல்லை. அண்ணே, அந்த நோட்டு மூணு மாசம் என் டிராயர்லதான் கெடந்துச்சு, நான்தான் பிரிச்சுப் பாக்கல, இந்த இருபத்து மூணு நாளும் என்னோடது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என் வேலை போகும் என்று பயந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்த முப்பத்தியோரு பேரைத் தூக்கி என் தலையில் வைத்துக்கொள்ளத் தைரியம் இல்லை, அதுதான் முழு உண்மை.

அன்றைக்கே என் நாற்பத்திரண்டாவது கடிதத்தை எழுதினேன். காரணம்: ஆய்வகத்தில் ஆள் பற்றாக்குறை. மேலிடத்தில் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

திறப்பு விழா எதுவும் வைக்கவில்லை. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள், ஒன்பது மணிக்கு முதல் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இன்ஜினியரும் நானும் தண்ணியண்ணனும் சாய்தளத்தின் அடியில் ஒதுங்கி நின்றோம். அவர் துவைத்த சட்டை போட்டிருந்தார். சக்கரக் கட்டிலில் ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், முகத்தில் குழாய் மாட்டியிருந்தது, முப்பது வயது இருக்கலாம். பின்னாலேயே புருஷன், தோளில் பையும் கையில் தண்ணீர்க் குடுவையுமாக. உள்ளே இடம் சரி செய்கிறவரை கொஞ்சம் பொறுங்கள் என்று எங்கள் பக்கத்திலேயே நிறுத்தினார்கள்.

எத்தனை நாளாக வெளியே இருந்தீர்கள் என்று தண்ணியண்ணன் அந்த ஆளிடம் கேட்டார். நாலு நாள் என்றார் அவர். நான் இன்ஜினியரைப் பார்த்தேன், அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இந்த இடம் முன்னாடியே திறந்திருக்கணும். நீங்க ஒரு நாள்கூட வெளிய கெடந்திருக்க வேண்டியதில்ல. என்னாலதான் லேட்டாயிடுச்சு. மன்னிச்சுக்கப்பா.”

அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலு நாளாகத் தூங்காத கண். இவர் ஏதோ ஆஸ்பத்திரி ஊழியர், உபசாரமாகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். “பரவால்லண்ணே, எங்களுக்குக் கெடச்சிருச்சே” என்று சொல்லிவிட்டு, மனைவியின் போர்வையை இழுத்துச் சரி செய்தார். உள்ளிருந்து கூப்பிட்டார்கள். கட்டில் மேலே ஏறிப் போனது.

தண்ணியண்ணன் அது உள்ளே போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். பல மாதத்துக்கு அப்புறம் அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவைப் பார்த்தேன்.

“சொல்லிட்டேம்மா” என்றார்.

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இப்போது அவர் வேறு ஊரில், வேறு சைட்டில் தண்ணீர் ஊற்றுகிறார். மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து, நல்லாருக்கீங்களாம்மா என்று கேட்பார். நல்லாருக்கேண்ணே என்று சொல்வேன். நான் மட்டும் இன்னும் சொல்லவில்லை.